கிளெல் பிராஷியர் மற்றும் ஒருவர்

சால்ட்லிக் ஓடை, கார்வுட் கவுண்டி, கென்டக்கி
ஜனவரி 11, 2016

திரு. கார்ல் பிரைஸ் அவர்களுக்கு,

அங்கே உன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். பூக்கடை மேவிஸிடம் கேட்டேன். மே மாதம் கல்லறைகளுக்குப் பூ வைக்கிற ஞாயிறன்று, எங்கள் அம்மாவின் சமாதிக்கு ஐடஹோவிலிருந்து பணம் கட்டிப் பூ வைக்கச் சொல்கிற புண்ணியவான் யார் என்றேன். முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டாள். நீ யார் என்று அவளுக்குத் தெரியாது. பூ வர ஆரம்பித்த வருஷமே எனக்குத் தெரியும்.

இது சமாதானக் கடிதம் இல்லை. தீ வைத்துவிட்டு நீ மலையேறி ஓடினாய். உனக்கும் சேர்த்து நான் பதினோரு மாதம் கவுண்டி ஜெயிலில் கிடந்தேன். அதை மறப்பதற்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை, எழுபதுதான் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் லோரீனுக்குப் போன இலையுதிர் காலத்தில் பக்கவாதம் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் உள்ள முதியோர் இல்லத்தில் இருக்கிறாள். நான் ஊட்டினால்தான் சாப்பிடுகிறாள். என் கண் போய்க்கொண்டிருப்பதால் டாக்டர் வண்டி ஓட்டக்கூடாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் கூட்டிப் போகிறார். மற்ற நாட்களில் அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று நீயே நினைத்துப் பார்.

அவள் அறையில் இன்னொரு கட்டில் காலியாக இருக்கிறது. எனக்குத் தருவதாகத்தான் சொன்னார்கள். பிறகு என் பெயரைத் தலைநகரில் விசாரித்திருக்கிறார்கள். வந்த காகிதத்தில் இவ்வளவுதான்: "1973, தீவைப்பு, கைது. முடிவு: இல்லை." தீவைத்தவனைக் கிழவர்கள் நடுவில் படுக்கவைக்க மாட்டார்களாம். வழக்கு முடிந்தது என்று கோர்ட்டிலிருந்து ஒரு நகல் கொண்டுவரச் சொன்னார்கள். கட்டில் ஏப்ரல் முடியத்தான் இருக்கும்.

கோர்ட்டுக்குப் போனேன். ஆபீஸில் ஹோல்பர்ட் வீட்டுப் பெண் ட்வைலா இருக்கிறாள். கம்ப்யூட்டரில் தேடினாள். அது எண்பதுக்குப் பிறகு உள்ள வழக்குகளைத்தான் அறியுமாம். பெரிய தோல் அட்டைப் பதிவேட்டை எடுத்து 'டாக்கெட்' என்று என் குடும்பப் பெயரைத் தேடினாள். என் பெயரில் வழக்கே இல்லை. அப்படியானால் 'வழக்கு இல்லை' என்று எழுதிக் கொடு என்றேன். கொடுத்தாள். இல்லத்தில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, கைது இருக்கிறதே, பிறகு வழக்கு எப்படி இல்லாமல் போகும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். ஓர் ஆபீஸில் நான் குற்றவாளி, இன்னோர் ஆபீஸில் நான் ஆளே இல்லை.

மூன்றாம் தடவை போனபோது ட்வைலா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "மாமா, உங்ககூட வேற யாரையாவது சேர்த்துப் போட்டாங்களா? அந்தக் காலத்துல எழுதினவங்க முதல் பேரை மட்டும்தான் பதிவேட்டுல ஏத்துவாங்க. மத்தவங்களை 'மற்றும் ஒருவர்'னு எழுதி முடிச்சிடுவாங்க."

யாருமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். நகல் மனுவில் உன் பெயரை என் கையால் எழுத மாட்டேன். நான் கேட்பது ஒன்றுதான். வழக்கின் எண் உனக்குத் தெரியுமா? எண் இருந்தால் பெயர் வேண்டியதில்லையாம்.

டெல்மர் டாக்கெட்

---

பர்லி, ஐடஹோ
ஜனவரி 25

அண்ணா,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் கதவைப் பூட்டிவிட்டுத்தான் பிரித்தேன். யாருக்குப் பயந்து பூட்டினேன் என்று தெரியவில்லை. பழக்கம்.

எண் எனக்குத் தெரியாது. ஓடுகிறவனிடம் யார் காகிதம் கொடுப்பார்கள்? என் பெயரை எழுது. நான் அதை உபயோகித்து நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது, புதிதுபோலத்தான் இருக்கும்.

லோரீன் அண்ணியைப் பற்றிப் படித்துவிட்டு அன்று முழுக்க ஒன்றும் ஓடவில்லை. உருளைக்கிழங்குக் கிடங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டேன். ரமோனா என்று ஒருத்தியோடு இருபது வருஷம் வாழ்ந்தேன். போன வருஷம் இறந்துவிட்டாள். அவள் கல்லில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'கார்ல் பிரைஸ்' என்று இப்போதே வெட்டி வைத்திருக்கிறார்கள். அவளுக்குக் கடைசிவரை வேறு பெயர் தெரியாது.

அண்ணிக்கு அவரைக் கூழ் பிடிக்கும், சோள ரொட்டியை அதிலேயே உதிர்த்துப் போட்டு. அங்கே அதெல்லாம் தருகிறார்களா?

கிளெல்

---

சால்ட்லிக் ஓடை
பிப்ரவரி 8

கிளெல்,

எழுதிவிட்டேன். மனுவில் உன் பெயரை எழுதும்போது ட்வைலா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் கேட்கிறவன் எழுதாத பெயரை அவள் தேடக்கூடாதாம், அது சட்டம். இரண்டு மாதம் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அந்தப் பெண் வாயை மூடியிருந்திருக்கிறாள்.

பதிவேட்டில் ஒரே வரி. 'அரசு, எதிர், கிளெல் பிராஷியர் மற்றும் ஒருவர்.' அந்த ஒருவர் நான். நமக்கு அம்மா ஒருத்தி, அப்பா வேறு வேறு. ஆங்கில அகரவரிசையில் உன் அப்பாவின் பெயர் என் அப்பாவின் பெயருக்கு முந்தியது, அவ்வளவுதான் காரணம். பதினோரு மாதம் உள்ளே இருந்தவன் 'ஒருவர்'. ஒரு நாள்கூட இல்லாதவன் முதலில்.

வழக்குக் கட்டு இருக்கும் இடத்தைக் கேள். பழைய ஜெயிலைத்தான் ரெக்கார்டு அறையாக்கியிருக்கிறார்கள். ட்வைலாவுக்கு முட்டி வலி, ஏணியில் ஏற முடியாது. நானே போய்த் தேடினேன், அவள் விளக்குப் பிடித்தாள். என் கொட்டடிக்குள் நுழைந்தேன். நான் படுத்திருந்த பலகையில் காகிதம் படுத்திருக்கிறது. அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், அப்போதும் அப்படித்தான். "கதவைப் பிடிச்சுக்கோ பொண்ணே" என்றேன். அவள் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் காலால் முட்டுக் கொடுத்து நின்றாள். நம்முடைய கட்டு அங்கே இல்லை, அடுத்த கொட்டடியில் இருந்தது. அதற்குக்கூட என்னுடையதைவிட நல்ல ஜன்னல்.

முடிவு என்று அதில் ஒன்றுமில்லை. அன்று ஜட்ஜ் என்னிடம், "வீட்டுக்குப் போ, கூப்பிட்டா வா" என்றார். அவரும் செத்தார், கூப்பிடவும் இல்லை. நான் விடுதலை என்று நினைத்துத்தான் இத்தனை காலம் நடமாடினேன். வழக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. உன் பேரில் உள்ள பிடிவாரண்ட்டும் உயிரோடு இருக்கிறது.

அரசு வக்கீலைப் பார்த்தேன். அந்தத் தீ எரிந்தபோது அவர் பிறக்கக்கூட இல்லை. முதல் எதிரி, அதாவது நீ, இல்லாமல் பாதி வழக்கை மூட முடியாது என்றார். பிறகு ரொம்ப அன்பாகச் சொன்னார்: "உங்க தம்பி செத்துட்டார்னு கேள்விப்பட்டேன். கல்லறை இருக்கே. கல்லை ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, நீங்க பைபிள் மேல கைவச்சு ஒரு பிரமாணம் கொடுத்துடுங்க. அன்னிக்கே மூடிடறேன்."

உனக்குத் தெரியாமல் இருக்கலாம். அம்மா 1981-இல் உனக்கு ஒரு கல் நட்டாள், ஷெரிஃப் வந்து கதவைத் தட்டுவதை நிறுத்துவதற்காக. கீழே ஒன்றும் இல்லை. ஆனாலும் வருஷா வருஷம் ஜனங்கள் அதற்கும் பூ வைக்கிறார்கள், நானும் பக்கத்தில் நின்று தொப்பியைக் கழற்றுகிறேன். தொப்பியைக் கழற்றுவது வேறு, பைபிள் மேல் கை வைப்பது வேறு. பதினோரு மாதம் உள்ளே வைத்தும் கோர்ட்டால் என்னிடமிருந்து ஒரு பொய்யை வாங்க முடியவில்லை.

என்ன செய்யலாம் என்று உன்னிடம் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டெல்மர்

---

பர்லி
பிப்ரவரி 17

அண்ணா,

பிரமாணம் கொடுத்துவிடு.

நான் செத்துத்தானே போய்விட்டேன்? அங்கே ஒரு கல், இங்கே ஒரு கல், இரண்டின் கீழேயும் நான் இல்லை. எந்தக் கல்லைப் படம் எடுத்தால் என்ன? அண்ணி சாப்பிட வேண்டும். ஒரு நாள் அந்த மலையைப் பார்க்க வரலாம் என்று மனதில் ஒரு மூலையில் வைத்திருந்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். நீ கை வைத்த பிறகு அது முடியாது, வந்தால் நீ பொய் சொன்னவன் ஆகிவிடுவாய். பரவாயில்லை. மலையே இப்போது அங்கே இருக்காது. பாதியை வெட்டியிருப்பார்கள்.

உனக்காக இதை முன்பே ஒரு தடவை செய்தவன்தான் நான். நீ வைத்த தீக்காக ஊரை விட்டேன். இப்போது நீ அண்ணி பக்கத்தில் படுப்பதற்காகச் செத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கிளெல்

---

சால்ட்லிக் ஓடை
பிப்ரவரி 24

கிளெல்,

நான் வைத்த தீயா?

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று தடவை படித்தேன். கண் ஏமாற்றுகிறதோ என்று பக்கத்து வீட்டுக்காரரை வைத்துப் படிக்கச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை செய்யவில்லை.

நிலக்கரிக் கம்பெனியின் புல்டோசர் நம் வீட்டுக்கு மேலே மலையை வெட்டிக்கொண்டிருந்தது. பெருவிரல் வைத்து யாரோ தாத்தா எழுதிக்கொடுத்த பத்திரத்தைக் காட்டி, நிலக்கரி எங்களுடையது, மேலே இருக்கும் மண் எங்கே விழுந்தாலும் எங்களுக்கென்ன என்றார்கள். அம்மாவின் கிணற்றில் சேறு வந்தது. நீ கோபக்காரன், அன்று ராத்திரி வீட்டில் இல்லை. காலையில் புல்டோசர் கரிக்கட்டையாக நின்றது, நீ ஊரில் இல்லை. ஷெரிஃப் என்னைக் கொண்டுபோனார். வேறு என்ன நினைப்பது?

நான் லோரீனோடு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். பதினோரு மாதமும் கேட்டார்கள்: "உன் தம்பிதானேடா? சொல்லிட்டுப் போயேன்." நான் சொல்லவில்லை. ஜெயிலுக்கு வந்த முதல் நாள் அம்மா கம்பிக்கு வெளியே நின்று சொன்னாள்: "கிளெல்லு பண்ணிட்டான்பா. நீ வாயத் தொறந்துடாத." நான் திறக்கவில்லை. உன்மேல் எவ்வளவு வெறுப்பு இருந்ததோ அவ்வளவு இறுக்கமாக மூடிக்கொண்டேன்.

இப்போது நீ எனக்குப் பெருந்தன்மை காட்டுகிறாய். எழுது, யார் சொன்னது நான் வைத்தேன் என்று?

டெல்மர்

---

பர்லி
மார்ச் 4

அண்ணா,

அம்மாதான் சொன்னாள்.

அன்று நான் பாலத்தடியில் நரி வேட்டைக்கு நாய்களோடு உட்கார்ந்திருந்தேன். விடியும்போது அம்மா தேடிக்கொண்டு வந்தாள், அத்தனை தூரம் நடந்து. என் நல்ல சட்டையும் கொஞ்சம் பணமும் கொண்டுவந்திருந்தாள். "உங்க அண்ணன் மெஷினைக் கொளுத்திட்டான். இப்பத்தான் கல்யாணமானவன், அந்தப் பொண்ணு என்ன ஆவா? நீ ஓடிடு. ஓடினவன்தான் பண்ணினான்னு நெனைப்பாங்க, அவனை விட்டுடுவாங்க." யோசிக்க எனக்கு நேரம் கொடுக்கவில்லை. கட்டிப்பிடித்தாள். அவள் கோட்டில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு அப்படியே வந்திருப்பாள் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தத் தீக்கு நான்கு வருஷம் முன்பே நம் வீட்டுக்கு மின்சாரம் வந்துவிட்டதே.

உன் முதல் கடிதம் வரும்வரை நீ ஜெயிலில் இருந்தது எனக்குத் தெரியாது, அண்ணா. விட்டிருப்பார்கள் என்றே நம்பினேன். அதில் நான் தீ வைத்ததாக நீ எழுதியதையும், யாராவது பிரித்துப் படிப்பார்கள் என்று ஜாக்கிரதையாக எழுதியிருக்கிறாய் என்றே நினைத்தேன்.

கிளெல்

---

சால்ட்லிக் ஓடை
மார்ச் 10

கிளெல்,

நேற்றுக் கல்லறைக்கு ஏறிப்போய் அம்மாவின் எதிரே நின்றேன். திட்டுவதற்குத்தான் போனேன். ஆர்மின்டா பிராஷியர், அன்புள்ள தாய் என்று எழுதியிருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அறுபது வயதில் தனியாக அந்த மலையில் எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். அது பெரிதுதான். ஆனால் ஒருவனை ஓடவிட்டாள், ஒருவனை உள்ளே விட்டாள், இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பொய்யை வைத்துவிட்டு உட்கார்ந்து பீன்ஸ் உரித்தாள். யார் கேட்டாலும் இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். நம்மைக் காப்பாற்றத்தான் அப்படி என்று நீ எழுதுவாய். எழுதாதே. நான் படிக்க மாட்டேன்.

அரசு வக்கீலிடம் அம்மாவின் பெயரைச் சொல்லலாம். செத்தவளை யார் பிடிப்பார்கள்? ஆனால் சாட்சி எங்கே என்பார், உன் தம்பி சொல்லித் தெரியும் என்றால் தம்பி எங்கே என்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீதான் வழியில் நிற்கிறாய். அதுவுமல்லாமல் இந்த ஓடையில் எவனும் தன் தாயைக் கோர்ட்டில் சொன்னதில்லை.

போன ஞாயிறு லோரீன் மிகவும் இளைத்திருந்தாள். வாயருகே கொண்டுபோன கரண்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாளைக்கு வருவியா?" என்றாள். தெளிவாக வந்த பேச்சு அது ஒன்றுதான். வருவேன் என்று சொன்னேன். அதுவும் பொய். ஒரு பொய் சொன்னவன் இன்னொன்றும் சொல்லலாம்.

இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை பிரமாணம் கொடுக்கப் போகிறேன். கல்லைப் படம் எடுத்தாகிவிட்டது. மேவிஸிடம் சொல்லி உன் பூவை நிறுத்திவிடு. செத்தவன் பூ அனுப்பக்கூடாது.

டெல்மர்

---

பர்லி
மார்ச் 16

அண்ணா,

திங்கட்கிழமை போகாதே.

இன்று காலை கார்வுட் கோர்ட் ஆபீஸுக்கு ஒரு நகல் மனு தபாலில் அனுப்பிவிட்டேன். 'அரசு, எதிர், கிளெல் பிராஷியர் மற்றும் ஒருவர்' வழக்கில் முழு நகல் வேண்டும் என்று. மனுதாரர் பெயர் கிளெல் பிராஷியர். முகவரி இந்த வீட்டு முகவரி. மனுதாரருக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கட்டம் இருந்தது. 'முதல் எதிரி' என்று எழுதினேன்.

தபால்காரி வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தக் கிளெல்?" என்றாள். நான்தான் என்றேன். "நல்ல பேரா இருக்கே, ஏன் மாத்திக்கிட்டீங்க?" என்றாள். நான் தபால்தலை கேட்டேன்.

நீ பைபிள் மேல் கை வைத்துப் பொய் சொல்ல மாட்டாய் என்று உனக்கே தெரியும். கோர்ட் மாடிப்படிவரை போய்த் திரும்பி வந்து, பிறகு அதற்கும் என்னைத்தான் திட்டுவாய். ஒருவருக்காக ஒருவர் பொய்யாக வாழ்ந்தது போதும். ரமோனாவின் கல்லிடம் இன்று சாயங்காலம் போய் என் பெயரைச் சொல்லிவிட்டு வரப்போகிறேன். பஸ்ஸில் வந்தால் மூன்று நாள் ஆகுமாம். ஷெரிஃப் என்னைக் கூட்டிப் போக வருவதற்குள் நானே வந்துவிடுவேன்.

கிளெல்

---

முதியோர் இல்லம், அறை 14
ஜூன் 2

கிளெல் பிராஷியர், கைதி, கார்வுட் கவுண்டி ஜெயில்

கிளெல்,

மார்ச்சில் ட்வைலாவே உன் மனுவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். "மாமா, செத்தவங்க யாரும் இதுவரைக்கும் எங்ககிட்ட நகல் கேட்டதில்ல" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் திங்கட்கிழமை பிரமாணம் கொடுக்கவில்லை. மாடிப்படிவரை போவேன் என்று நீ எழுதியது தவறு. கீழே வாசலோடு திரும்பிவிட்டேன்.

நீயே வந்து ஷெரிஃபிடம் நின்ற பிறகு கோர்ட்டில் உன்னைக் கூட்டி வந்தபோது உன் அப்பாதான் எழுந்து வந்துவிட்டார் என்று நினைத்தேன். பேச விடவில்லை. நீ என்ன சொன்னாய் என்று நான் பின்வரிசையிலிருந்து கேட்டேன். "நான் வைக்கல. எங்க அண்ணனும் வைக்கல." பிறகு யார் என்று ஜட்ஜ் கேட்டபோது நீ கையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அந்தப் பெயரைச் சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறலாம் என்று அரசு வக்கீல் உன் காதோடு சொன்னதாக ட்வைலா சொல்கிறாள். ஓடிப்போனவனுக்கு ஜாமீன் கிடையாதாம். செப்டம்பரில்தான் விசாரணை.

முதல் எதிரி கிடைத்துவிட்டதால் என் பங்கை மூடிவிட்டார்கள். நகல் கையில் இருக்கிறது, முத்திரையோடு. முடிவு: தள்ளுபடி. அதைக் கொடுத்துத்தான் இந்தக் கட்டிலை வாங்கினேன். என் கட்டிலில் படுத்துக்கொண்டே கையை நீட்டினால் லோரீனின் கட்டிலைத் தொடலாம். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். நீ வந்திருக்கிறாய் என்று சொன்னேன். அடுத்த கரண்டியை விழுங்கிவிட்டு, "அவன் சாப்ட்டானா?" என்றாள்.

இந்தப் பகுதிக் கதவுக்குப் பூட்டு உண்டு, எண் போட்டுத் திறக்கிற பூட்டு. ஞாபகம் தப்பினவர்கள் வெளியே போய்விடக்கூடாது என்று. அந்த எண்ணை எனக்கும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். மணி அடித்தால் ஒரு பையன் வந்து, "எங்க போறீங்க தாத்தா?" என்று கேட்டுவிட்டுத் திறப்பானா மாட்டானா என்று யோசிக்கிறான். கதவு சாத்துகிற சத்தம் பழைய சத்தம்தான். அது விழும்போது நான் லோரீனின் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

கல்லறை ஞாயிறுக்கு மேவிஸ் போய்விட்டு வந்து சொன்னாள். உன் கல்லுக்குப் பூ வைப்பதா வேண்டாமா என்று ஜனங்கள் கூடிப் பேசினார்களாம். கடைசியில் அந்தப் பூவையும் சேர்த்து அம்மாவுக்கே வைத்துவிட்டார்கள். வைக்கட்டும்.

அம்மாவின் பெயரைச் சொல் என்று நான் எழுத மாட்டேன். சொல்லாதே என்றும் எழுத மாட்டேன். ஒரு தடவை ஒருத்தி நம் இரண்டு பேருக்கும் அப்படிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆயிற்று. நீயே முடிவு செய்.

புது ஜெயிலில் அவரைக்கூழ் தண்ணீராக இருக்கும் என்கிறார்கள். சோள ரொட்டியை முதலில் போடு, கூழைப் பிறகு ஊற்று.

நான் உள்ளே இருந்த பதினோரு மாதத்தில் உன்னிடமிருந்து எனக்கு ஒரு வரி வரவில்லை. காரணம் இப்போது தெரியும். தெரிந்தாலும் வரவில்லை, வரவில்லைதான். நான் உனக்கு வாரம் ஒரு கடிதம் எழுதுவேன். கண் இருக்கும்வரை என் கையால், பிறகு அந்தக் கதவுப் பையனை எழுத வைத்து.

பதில் போடு.

உன் அண்ணன்,
டெல்மர்